இருபத்தேழாம் எண் ஆணி

திருவல்லிக்கேணி,
21.11.1999

அன்பு மச்சி வாஜித்துக்குத் தங்கவேல் எழுதுவது. நான் நலம். நீ நலமாக, கொஞ்சம் கோபம் தணிந்தவனாக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை எதிரில் வைத்துக்கொண்டு இவன் எதற்கு ஏர்மெயில் கவர் வாங்கினான் என்று கேட்பாய். நான் அனுப்பிய ஆறு மின்னஞ்சலுக்கும் சேர்த்து, "வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்" என்று ஒரே ஒரு வரி போட்டாய். காகிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்பித்தான் இது. கிழிப்பதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

இங்கே நாலு நாளாக மழை. பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகள் எல்லாம் தார்ப்பாய்க்குள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வழக்கம்போல வயிறு முட்டச் சாப்பாடு போட்டார்கள். உன் தங்கை சாய்மா வந்திருந்தாள், குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. நீ இன்னும் இரண்டு வருஷம் ஷார்ஜாவிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டதை அம்மா அப்போதுதான் சொன்னார்கள். "திரும்பி வர்றேன்னுதான் சொல்லிட்டிருந்தான், திடீர்னு என்ன ஆச்சுன்னு தெரியலப்பா" என்றார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆனதென்று அதற்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

முருகையன் மேஜைக்கு மேலே இருக்கிற ஆணிப் பலகையை நீ மறந்திருக்க மாட்டாய். மேன்ஷனில் அறைக்கு ஒரு ஆணி. வெளியே போகிறவன் சாவியை மாட்டிவிட்டுப் போக வேண்டும். யார் வந்து விசாரித்தாலும் நம் மேனேஜர் தலையைக்கூட முழுதாகத் திருப்பாமல், "ஆணி காலியா கீது, ஆளு மேலதான் கீறாரு, போ" என்பார். நான் ஒருத்தன்தான் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பிவிடுவேன். நீ மசூதிப் பக்கத்திலிருந்து வந்து, காலி ஆணியை நம்பி மூன்று மாடி ஏறி, கை வலிக்கத் தட்டுவாய். ஒரு நாள் கதவில் சாக்பீஸால் "பொய்யன்" என்று பெரிதாக எழுதிவிட்டுப் போனாய். நான் அதை ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அந்த அறையில்தானே நம் இணையத் தளத்தைத் தொடங்கினோம். இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு நாம் இருவரும் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்போம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மாம்பலம் சங்கதிகளை வெளிநாடு போனவர்களுக்குச் சொல்கிற தளம். "செய்தி மட்டும் போதாது மச்சி, யாரு இருக்கான், யாரு இல்லன்னு தெரியணும், முருகையன் பலகை மாதிரி" என்று நீதான் சொன்னாய். நீ ஷார்ஜா போன பிறகு, இந்த ஜூலையில், நான் அதைத் தனியாக எழுதிச் சேர்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. எரிந்தால் ஆள் இருக்கிறான், தட்டினால் அப்போதே பேசலாம். முதல் தகவல் உனக்குத்தான் அனுப்பினேன்: என் பெயர் பச்சையாக இருந்தால் நான் அறையில் இருக்கிறேன், தைரியமாகத் தட்டு என்று. இரண்டு வாரம் தினமும் பேசினோம். உன் பச்சை எரிந்ததும் மாடிப்படியில் உன் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். ஆகஸ்டில் நீ நின்றுவிட்டாய்.

எனக்கு மகா கோபம். திர்ஹம் எண்ண ஆரம்பித்ததும் ஆள் மாறிவிட்டான் என்று முருகையனிடமே சொன்னேன். அதற்கு அவர், "அவுரு அப்டி ஆளு இல்ல நைனா" என்றார். நான் கேட்கவில்லை.

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து சுந்தரவல்லி மாமி போன் செய்தார். மகன் பரத்வாஜ் அட்லாண்டாவில் இருக்கிறான். மாமி லஸ்ஸில் பிரவுசிங் சென்டருக்குத் தினமும் போய் அவன் பச்சையைப் பார்த்துவிட்டு வருகிறவர். "மூணு நாளா அணையவே இல்லைப்பா. கொழந்த தூங்காம ஒக்காந்துண்டிருக்கான். நீயாவது அவனைப் படுத்துக்கச் சொல்லேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சர்வரைத் திறந்து பார்த்தேன்.

தப்பு என்னுடையது, வாஜித். "வெளியேறு" என்பதை அழுத்தினால்தான் புள்ளி அணையும்படி எழுதியிருந்தேன். டெலிபோன் லைன் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஆள் போயிருப்பான், பச்சை எரிந்துகொண்டே இருக்கும். புள்ளி அணைந்திருந்தால் தளம் செய்தியை எடுத்துவைத்துப் பிறகு கொடுக்கும். பச்சை எரிந்தால் நேரே அனுப்பிவிடும், எடுத்துவைக்காது. ஆளில்லாத பச்சைக்குப் போனது யாருக்கும் போய்ச் சேராது. சர்வரின் குறிப்பேட்டில் மட்டும் கிடக்கும்.

என் பெயரைத் தேடினேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சாயங்காலம் மழையில் லைன் போனது. மறுநாள் மத்தியானம்வரை நான் பச்சை. அதற்குள் உன்னுடைய நாலு வரி கிடந்தது.

"மச்சி, இருக்கியா?"

"கான்ட்ராக்ட் நீட்டிக்கணுமான்னு நாளைக்குள்ள சொல்லச் சொல்றாங்க. எனக்கு இங்க முடியல. வந்துடட்டுமா? சேர்ந்து தளத்தைப் பார்த்துக்கலாமா?"

"பச்சை எரியுதுடா. ஒரு வார்த்தை சொல்லு."

கடைசி வரி ஒரு மணி நேரம் கழித்து. "சரி, புரிஞ்சுது."

அந்த ஒரு மணி நேரம் நான் ஐஸ் ஹவுஸ் முக்கில் ஒரு கடை ஓரமாக மழைக்கு ஒதுங்கி நின்று பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ மூன்று மாடி ஏறி வந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது, அதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது சரிசெய்துவிட்டேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தளமே ஒவ்வொருவரையும் விசாரிக்கும், பதில் இல்லையென்றால் புள்ளியை அணைத்துவிடும். பரத்வாஜ் தூங்கிவிட்டான் என்று மாமிக்கு நிம்மதி. உனக்குத்தான் மூன்று மாதம் பிந்திவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: வந்துடு மச்சி. கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்றால் லீவிலாவது வா. நோன்பு தொடங்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. மசூதிக் கஞ்சிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு நான் வரிசையில் நிற்கிறேன், நீ வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டு பக்கத்தில் நில். அதுவும் முடியாதென்றால் "பொய்யன்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு, போதும்.

ஆண்டவன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இப்போதெல்லாம் வெளியே போகும்போது சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். முருகையனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ வருகிற நேரம் நான் இல்லையென்றால், எடுத்துத் திறந்து உள்ளே உட்கார்ந்திரு.

என்றும் உன்,
தங்கவேல்
அறை எண் 27