உப்பளத்து ஓடுபாதை

உன் பெயருக்கு ஒரு தபால் வந்திருக்கிறது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். "அண்ணாச்சி, இது அவுகளுக்கு வந்திருக்கு. உங்க கடை அட்ரஸ் போட்டிருக்கு. வாங்கிக்கிடுதீயளா, திருப்பி அனுப்பட்டா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

விமான டிக்கெட் போல நீளமாக வெட்டிய அட்டை. நீலக் கடல், அதன்மேல் சின்னதாக ஒரு விமானம். அந்தக் கடற்கரை ஓட்டலை யாரோ புதியவர்கள் வாங்கியிருக்கிறார்கள். பெயரை மாற்றி மே மாதம் திறக்கிறார்களாம். தனியார் விமானிகளுக்கு இரண்டு நாள் தங்கல் இலவசம் என்று போட்டு, உன் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பழைய பதிவேட்டை எடுத்து முகவரிகளை அப்படியே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அன்றைக்கு நீ என் கடை முகவரியைத்தான் எழுதினாய். "தறிக்கூடத்துல தபால் வந்தா நூல் கட்டோட போயிரும்லே" என்று சிரித்தாய்.

மே மாதம் என்று போட்டிருப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாம் அங்கே போன அதே மாதம். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. இந்த அட்டை வரும்வரை உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

தறி முதலாளி ஒருவனும் பம்ப் செட் மோட்டார் விற்கிறவன் ஒருவனும் விமானம் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள் என்றால் சங்கரன்கோவிலில் யார் நம்புவார்கள்? முப்பத்தைந்து வயதில் நீதான் ஆரம்பித்து வைத்தாய். மாதம் இரண்டு தரம் ரயிலேறி, எங்கேயோ இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போய், வெயிலில் கறுத்துத் திரும்புவோம். அங்கேதான் புளியங்குடி பல் டாக்டர் நம்மோடு சேர்ந்தான். நம்மைவிட எட்டு வயது இளையவன். எதற்கும் சிரிப்பான். லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில்தான் அந்த ஓட்டலின் அழைப்பு முதன்முதலாக வந்தது. மூவரும் பயிற்சி மையத்தின் நான்கு சீட்டு விமானத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

காலையில் நீதான் ஓட்டினாய். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும் என்று இருட்டோடு எழுப்பிவிட்டாய். எட்டு மணிக்கு மேலே இருந்து பார்த்தபோது உப்பளங்கள் கண்ணாடிச் சில்லுகள் மாதிரி மின்னின. அவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு, அதுதான் ஓடுபாதை. ஒரு முனையில் ஓட்டல். மறுமுனையில் ஆளுயரச் சுவர். சுவருக்கு அப்பால் உப்பளம். நீ இறக்கி நிறுத்தியபோது சுவருக்கு இன்னும் கொஞ்சம் தூரம்தான் பாக்கி இருந்தது. திரும்பி அந்தச் சுவரை ஒரு முறை பார்த்தாய். அவ்வளவுதான்.

ஓட்டல் முதலாளி நல்ல உடம்புக்காரர். வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைக்கு நாலு தங்கப் பட்டை வைத்துத் தைத்திருந்தார். அவர் விமானம் ஓட்டுகிறவர் இல்லை, ஆசை மட்டும்தான். வரவேற்பு மேசையை விமான நிலையம் மாதிரியே அமைத்திருந்தார். அறைச் சாவியோடு போர்டிங் பாஸ் மாதிரி ஒரு சீட்டு. ஓடி ஓய்ந்த ஒரு பெரிய பயணிகள் விமானத்தின் உடலை வாங்கி வந்து நிறுத்தி, அதற்குள்ளேதான் சாப்பாட்டுக் கூடம். டாக்டர் ஒரு சாக்கு நிறைய எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தான். "புளியங்குடிக்காரன் வெறுங்கையோட வரலாமா?" என்று அதை மேசைமேல் தூக்கி வைத்தான். அந்தப் பழத்திலேயே ஜூஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

மத்தியானம் அந்த விமானக் கூட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? தகரம் காய்ந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏசி ஓடியும் வேர்வை நிற்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு கடற்பறவை வாயைப் பிளந்தபடி இறக்கையின் நிழலில் நின்றது. போட்டோவுக்காக எல்லோரும் சீட் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் முதலாளி. நீ மட்டும் போடவில்லை. "சோறு திங்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி பெல்ட்டு?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

சாப்பாடு முடியும்போதுதான் முதலாளி அதைச் சொன்னார். வீடியோ எடுக்கிறவர் வந்திருக்கிறார், ஓட்டலுக்கு மேலே ஒரே ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். அதற்காக நம் விமானத்தின் இரண்டு டாங்கையும் அவரே நிரப்பி வைத்துவிட்டார், நமக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று.

"ஃபுல்லாவா?" என்று கேட்டாய்.

"வழிய வழிய" என்றார்.

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். எழுந்து வெளியே போனாய். நானும் வந்தேன். ஓடுபாதையில் தார் இளகிக் கிடந்தது. காலையில் இறங்கிய டயர் இப்போது அரை விரல் ஆழம் தாருக்குள் இறங்கி நின்றது. காற்று பார்க்கக் கட்டியிருந்த துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. சுவர் எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி கானல் ஆடிக்கொண்டிருந்தது. விமானத்தின் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. இவ்வளவு வெயில், இவ்வளவு எடை என்றால் தரையை விட்டுக் கிளம்ப இவ்வளவு தூரம் வேண்டும் என்று அதில் இருக்கும். நீ அதைப் பார்த்து, கை துடைக்கும் தாளில் ஏதோ எழுதினாய். ஓடுபாதையை நடந்தே அளந்தாய். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

சூடான காற்றுக்குக் கனம் குறைவு, இறக்கை அதைப் பிடித்து ஏற முடியாது. இது நமக்கு முதல் மாதப் பாடம். எனக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும்.

நீ முதலாளியிடம் போய், "எனக்குச் சரிப்படாது அண்ணாச்சி. நாளைக்குக் காலையில வெள்ளன எடுப்போம்" என்றாய்.

"என்ன வே, வெயிலுக்குப் பயமா? வீடியோக்காரர் இன்னைக்குப் போயிருவாருல்லா."

அந்த நேரத்தில்தான் டாக்டர் எழுந்தான். "நான் ஓட்டுதேன். ஒரு சுத்துதானே, அஞ்சு நிமிஷ வேலை." உன்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "அண்ணாச்சி ரெஸ்ட் எடுக்கட்டும்."

நீ வாயைத் திறந்தாய். மூடிக்கொண்டாய். அதற்கு முந்தின மாதம் நீ ஒரு தடவை சரியாக இறக்க முடியாமல் மூன்று முறை சுற்றி வந்ததைப் பயிற்சி மையத்தில் எல்லோரும் பேசிச் சிரித்திருந்தார்கள். அதனால்தான் பேசாமல் இருந்துவிட்டாய் என்று நான் பின்னால் நினைத்தேன். நான் என்ன செய்தேன்? அவனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வீடியோக்காரர் இரண்டு பெரிய பைகளோடு பின்னால் ஏறினார்.

நீ கதவருகே வந்து, "இறங்குலே" என்றாய்.

"எதுக்கு?"

"எனக்கு நெஞ்சு வலிக்கு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் பதறி எஞ்சினை அணைக்கப் போனான். "நீ போயிட்டு வா, இவன் பாத்துக்கிடுவான்" என்று அவனிடம் சொன்னாய். நான் எரிச்சலோடுதான் இறங்கினேன். ஓட்டல் காரின் சாவியை வாங்கி உன்னை ஏற்றிக்கொண்டேன்.

வாசல் கேட்டுக்கு வந்ததும் உன்னைப் பார்த்தேன். நெஞ்சில் கை இல்லை. முகத்தில் வலி இல்லை. உன் கண் காரின் பக்கக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"நெஞ்சு வலிக்கல, என்ன?"

"இல்ல."

"அப்ப எதுக்குலே என்ன எறக்குன?"

"அது ஏறாதுலே." பையிலிருந்து தாளை எடுத்து என் மடியில் போட்டாய். "பாதை பத்தாது. ரெண்டு பேரு போனாலும் பத்தாது."

நான் காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். விமானம் ஓட்டல் முனையிலேயே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் விட்டுவந்த சீட்டில் முதலாளி ஏறிக்கொண்டிருந்தார். இடம் சும்மா போவானேன் என்று நினைத்திருப்பார். என்னைப் போல இரண்டு பங்கு உடம்பு. கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தான். அவன் அதில் கவனமானவன். மூன்று நிமிடமாவது இருக்கும். ஹாரனை அழுத்தியிருக்கலாம். காரைத் திருப்பி ஓடுபாதைக் குறுக்கே நிறுத்தியிருக்கலாம். ஓடியிருந்தால்கூட எட்டியிருக்கும்.

"போய்ச் சொல்லுவமா?" என்று கேட்டேன்.

"ஓட ஆரம்பிச்சதும் அவனுக்கே தெரியும். நிறுத்திருவான்" என்றாய்.

நிறுத்திவிடுவான் என்று நானும் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போனால் முதலாளியின் சிரிப்பு, டாக்டரின் கோபம், நீ பொய் சொன்னது எல்லாம் வெளியே வரும். அதையும் நினைத்தேன். உன்னிடம் நான் மறைக்கவில்லை.

அவன் நிறுத்தவில்லை. பாதி தூரம் போயும் சக்கரம் தரையிலேயே இருந்தது. சுவர் நெருங்கும்போது மூக்கு தூக்கியது. சுவரைத் தாண்டிவிட்டது. "ஏறிட்டான்லே" என்று நான் கத்தினேன். நீ என் கையைப் பிடித்தாய். ஒரு பனைமர உயரம்கூட இல்லை. அந்த உயரத்திலேயே அது தொங்கியது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு ஓர் இறக்கை மெல்லச் சாய்ந்தது. உப்பு வெள்ளையாக எழும்பி நின்றது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

முதலாளியும் வீடியோக்காரரும் எலும்பு முறிந்து பிழைத்தார்கள். டாக்டரின் உடலை நாம் இருவரும்தான் வெளியே தூக்கினோம். முழங்காலளவு உப்புத் தண்ணீரில் உனக்குக் காலெல்லாம் கீறி எரிந்தது.

விசாரணைக்கு நம்மைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நீ முதலில் போனாய். தாளை மேசையில் வைத்து, கணக்குப் போட்டதையும் சொல்லாமல் விட்டதையும் ஒப்புக்கொண்டாய். "நெஞ்சு வலின்னு நம்பி இவன் என்கூட வந்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை என்னிடம் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார்கள்.

சரிதான் என்றேன்.

அதற்குப் பிறகு நீ விமானத்தைத் தொடவில்லை. வீடியோக்காரர் உள்ளேயிருந்து எடுத்த வீடியோவும் நீ ஒப்புக்கொண்ட செய்தியும் ஊரில் எல்லோருடைய போனிலும் இருந்தன. நீ டீக்கடைக்கு வந்தால் பேச்சு நிற்கும். "இவுக வாயத் தொறந்திருந்தா அந்த டாக்டர் இருந்திருப்பாருல்லா" என்று உன் காது கேட்கவே சொன்னார்கள். நான் உன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் பைக்கில் புளியங்குடிக்குப் போனோம். டாக்டரின் மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றாய். என்னைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாய். அங்கிருந்தே பார்த்தேன். அந்த அம்மா வாசலில் நின்றபடி கேட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் நீ வெயிலில் வெகுநேரம் நின்றாய்.

கடைசியாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, "நான் டாக்டர் வீட்டு அம்மாகிட்ட உண்மையச் சொல்லிரவா?" என்று கேட்டேன். "ஒருத்தன் கெட்டது போதும் மக்கா" என்றாய். மறுநாள் உனக்கு நினைவு தப்பிவிட்டது.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அட்டை வந்த மறுநாள் மத்தியானம் பஸ் பிடித்துப் புளியங்குடிக்குப் போனேன். அந்த அம்மா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அன்று விடுமுறை. கதவைத் திறந்து, என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே வரச் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் கேட்டில் கார் நின்றது, நீ தாளை மடியில் போட்டது, முதலாளி ஏறியதைப் பார்த்தது எல்லாவற்றையும்.

முழுவதும் கேட்டார்கள். முடித்ததும், "எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றார்கள்.

"மூணு நிமிஷம் இருக்கும்."

"ஓடிப் போயிருக்கலாம்லா?"

"போயிருக்கலாம்."

நான் எழுந்தேன். அவர்கள் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"வெயிலு தாழட்டும். உக்காருங்க" என்றார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அன்னைக்கு அவுகளையும் உக்காரச் சொல்லியிருக்கணும்" என்றார்கள். உன்னைத்தான் சொன்னார்கள்.

ஐந்து மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடிப் போயிருக்கலாம்லா என்ற அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். ஆறு வருஷமாக நீ ஒருத்தனாகச் சுமந்தது. இனி என்னிடம் இருக்கும்.