யார் வீட்டு நாய்?

கோபம் ஆறாத தங்கையிடமிருந்து என் ஆசை ஜெயா அக்காவுக்கு,

நேற்று நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு, நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். வாசலில் படுத்திருந்த நாய்களைக் காட்டி, இவை யார் வீட்டு நாய்கள் என்று கேட்டார்கள். நீ செத்துப்போன இந்த லயத்தில் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

போன தடவை வந்த அதே பதில்தான். காம்பரா வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சோறு போட எல்லோருக்கும் கை இருக்கிறது, பேர் கொடுக்கத்தான் ஒருவருக்கும் வாய் இல்லை. பேர் கொடுத்தால், நாளைக்கு அது யார் ஆட்டையாவது குதறும்போது வழக்கு நம் வாசலுக்கு வருமாம். அன்றைக்கும் இதே பயத்தில்தான் வாசலில் வளர்ந்த டைகர் என்ற நாய்க்குட்டிக்கு ஊசி போட விடவில்லை. "இது ரோட்டு நாய்ங்க, மாத்தயா" என்று ஊசி போட வந்த ஐயாவிடம் சொன்னார் பக்கத்துக் காம்பரா லெச்சுமி அத்தை. அவர் வைத்த சோற்றைத்தான் அது தின்றுகொண்டிருந்தது.

அந்தக் குட்டிதான் பிறகு உன் விரலைக் கடித்தது. நீ மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பிவிட்டாய். ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "குட்டிதானேடி, பால் பல்லு. அதுல ஏது வெசம்?" என்று சிரித்தாய். லயமே ஆமாம் போட்டது. அந்த வாரமே குட்டி வாயில் நுரை தள்ளிச் செத்தபோதும், எலி மருந்தைத் தின்றிருக்கும் என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். நான் திரும்பவும் கத்தினேன். ஆறிப்போன காயத்துக்கு என்னடி ஊசி என்று என் வாயை அடைத்தாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா, செத்துப்போனாய் என்பதற்காக அது குறையவில்லை.

பிறகு ஆறின இடம் குறுகுறுத்தது. தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகியது. கண்டி ஆஸ்பத்திரியில் அந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "கடிச்ச அண்டைக்கே சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு இங்க வந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம், தங்கச்சி. இனி எங்கட கையில ஒண்டும் இல்லை."

உன் சாவு வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். என்ன விதி? இனாமாகப் போடுகிற ஊசியை வேண்டாம் என்றதற்குப் பேர் விதியா? காரியம் முடிவதற்குள் தடியோடு போய்க் கண்ணில் பட்ட நாய்களையெல்லாம் அடித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? காட்டுப் பன்றி மரக்கறித் தோட்டத்தைக் கிளறுகிறது என்று மறுபடி எங்கிருந்தோ குட்டிகளைத் தூக்கி வந்து, மறுபடி சோறு போட்டு, நேற்று மறுபடி தெரியாது என்றார்கள்.

நான் வாசலில் இறங்கினேன். என்னுடையவைதான் என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். கருப்புக்குட்டியை, நொண்டியை, எப்போதும் என்னைக் கண்டால் உறுமுகிற அந்தச் செவலையைக்கூட. ஊசிக்காரர் எல்லாவற்றுக்கும் என் பேரையே எழுதிக்கொண்டார்.

"நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும், பாத்துக்க" என்றார் லெச்சுமி அத்தை, கதவிடுக்கில் நின்றபடி.

"சொல்றேன் அத்தை. எங்க அக்காவுக்கு யாரு பதில் சொன்னீங்க?"

அவர் உள்ளே போய்விட்டார். இன்று காலை என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒதுங்கி நின்றார். நிற்கட்டும்.

ஊசி போட்டதையெல்லாம் உன் மகள் ஷாலினி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த மாதிரி ஊசி அம்மாவுக்கும் இருந்துச்சா, சித்தி?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்துச்சு என்றேன். நேற்று ராத்திரி அவள் சோறு தின்னவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம் அக்கா. ஊசி போடாத ஒரு நாயோ பூனையோ இவள் கையை நக்கக்கூட விடமாட்டேன். அதற்காக இந்த லயமே என்னோடு பேச்சை விட்டாலும் சரி.

உன் மகளைப் பெறாமலே பெற்றுக்கொண்ட
உன் தங்கச்சி கலா,
மடுல்கெல்ல