நல்லெண்ணெய் தடவிய பிரேக்

மானகிரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் மரிய ஆனந்துக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், காரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் மருமகள் வின்சியும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் என்னை முழுசாகப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம்.

பின் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, "வயசான காலத்துல எதுக்கும்மா கார், பேசாம வித்துருங்க" என்றாய். அதோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்க புரோக்கர் வள்ளியப்பனை வரச் சொல்லிவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இன்றைக்குக் காரை விற்கச் சொல்கிறவன் நாளைக்கு வீட்டை விற்கச் சொல்வாய், அப்புறம் என்னையும் பெட்டியோடு விமானத்தில் ஏற்றுவாய். அது நடக்காது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அங்கே ஒருத்தன், "வீட்ல ஆம்பளையாளு இருந்தா வரச் சொல்லுங்கம்மா, உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்கிறான். முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்குப் புரியாதாம். நேரே கடைக்குப் போய் இரண்டு பின் டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆட்டோ பாண்டிமுருகன் கூட நின்றார். முன் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்துக் கழற்றினோம். பழைய பேடு இரும்புவரை தேய்ந்து டிஸ்க்கைக் கோடு கோடாக அறுத்திருந்தது. "பின்னாடி, பேடைத் தள்ளுற பிஸ்டனை அமுக்காதீக டீச்சர், திருகித்தான் உள்ள தள்ளணும்" என்று சொல்லிவிட்டு அவர் சவாரிக்குப் போனார். மீதியை நானே மாட்டினேன்.

தப்பும் செய்தேன், மறைக்க மாட்டேன். புது டிஸ்க் பளபளவென்று இருந்ததா, துருப்பிடிக்கக் கூடாதே என்று புதுத் தோசைக்கல்லுக்குத் தடவுவது போல நல்லெண்ணெய் தடவிவிட்டேன். கண்மாய்க்கரை மேட்டில் கைபிரேக் போட்டேன், அது பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும்தானே, வண்டி பாட்டுக்குப் பின்னால் நகர்கிறது. நல்ல வேளை உள்ளேதான் இருந்தேன், முன் பிரேக் பிடித்ததால் காலால் மிதித்து நிறுத்தினேன், ஆனால் உயிர் போய் வந்தது. பாண்டிமுருகன் வந்து மோந்து பார்த்து, "என்ன டீச்சர், தாளிச்சு வச்சிருக்கீக?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எண்ணெய் குடித்த பேடு உதவாது என்றார். டிஸ்க்கில் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்து, வேறு பேடு வாங்கி, இந்த முறை யார் துணையும் இல்லாமல் நானே மாற்றினேன். அதே மேட்டில் நிறுத்திப் பார்த்தேன், அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வள்ளியப்பன் வந்தார். பக்கத்தில் உட்காரவைத்து இளையாத்தங்குடி வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். கார் விலைக்கு இல்லை, காபி இருக்கிறது என்றேன். குடித்துவிட்டுப் போனார். இனிமேல் யாரையும் அனுப்பாதே.

வின்சியை மாத்திரையை வேளாவேளைக்குப் போடச் சொல். உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது மதுரையில் டாக்சி பிடிக்காதே, நான்தான் கூப்பிட வருவேன். பயமாக இருந்தால் பின் சீட்டில் உட்கார். முன்னால் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து நீயும் பிரேக் மிதிக்காதே.

உன் அம்மா,
யூஜினியா