குடிக்காதவரின் வாசனை

அண்ணே,

இன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் ஏறினார். மகன் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான். டிக்கெட் கொடுக்கக் குனிந்தபோது அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகப்போகும் பழமும் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையும் சேர்ந்த மாதிரி, தித்திப்பாக ஒரு வாசனை. சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்சீட்டிலிருந்து ஒருவன், "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாருய்யா பெருசு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே இறக்கி விட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு அந்த மகனைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டேன். "அப்பாவுக்குக் கல்லீரல் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா? பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சுக்கிறாரா? பேச்சு குழறுதா?" என்று கேட்டேன். அவன் மிரண்டு போனான். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான். அதைச் சொல்ல ஒரு டிரிப்பு போதாது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி இறக்கிவிட்டேன். அதிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போலவே இருக்கிறது. அதற்கு வழியில்லாததால் எழுதுகிறேன்.

நீங்கள் வாலிகண்டபுரம், நான் லப்பைக்குடிக்காடு. நீங்கள் ஸ்டியரிங்கில், நான் படியில். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையில் நம் இருவருடைய வயதும் ஓடிப்போனது. நான் ஒரு விசில் அடித்தால் நிறுத்துவீர்கள், இரண்டு அடித்தால் எடுப்பீர்கள். ஏன் எதற்கு என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. "விசில் உன் பொறுப்பு பாய், ரோடு என் பொறுப்பு. ரெண்டும் கலந்தா வண்டி குடை சாஞ்சிரும்" என்பீர்கள். நான் வாயாடி, நீங்கள் ஊமைக் கோட்டான். நம் ஜோடி எப்படி ஒத்துப்போனது என்று பஸ் ஸ்டாண்டே கேட்கும்.

உங்களிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் எனக்குச் சொன்னது உங்கள் கோபம். கோபமே வராத மனுஷன், சில்லறை கேட்ட கிழவியிடம் எகிறினீர்கள். அடுத்தது தூக்கம். அரியலூரில் வண்டி நிற்கும் பத்து நிமிஷத்தில் ஸ்டியரிங்கிலேயே தலை சாய்ந்துவிடும். அண்ணியைக் கேட்டால், "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்காரு தம்பி. பொழுது விடிஞ்சாதான் கண்ணு சொருவுது" என்றார். அப்புறம்தான் அந்த வாசனை வந்தது.

கிட்டத்தில் வந்தவர்கள் மூக்கைத் திருப்பிக்கொண்டார்கள். கண் மஞ்சள் பூத்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு இழுக்கிறது, வாயில் ஒரு வாடை. நம் ஊரில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே உண்டு? முதலாளி காதுக்குப் போய்விட்டது. ஷெட்டில் அத்தனை பேர் முன்னால், "எங்க, ஊது" என்றார். நீங்கள் ஊதினீர்கள். அவர் முகத்தைச் சுளித்து, "என்ன சரக்குய்யா இது, புதுசா இருக்கு?" என்று கேட்டார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "மொதலாளி, அண்ணன் கல்யாண வூட்லகூட தொட மாட்டாரு. அல்லா மேல ஆணையா சொல்றேன்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாய், நீ சொட்டுத் தொடாதவன். சரக்கு வாசனை எப்படி இருக்கும்னு உனக்கெங்கய்யா தெரியும்?" ஷெட்டே சிரித்தது. உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சி செல்லாது என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். மாற்று டிரைவர் இல்லாததால் முதலாளி எச்சரித்து விட்டுவிட்டார். நீங்கள் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தீர்கள்.

அப்போதே நீங்கள் ரகசியமாக ஒரு டாக்டரைப் பார்த்திருந்தீர்கள். அவர் ஒரு மருந்து கொடுத்திருந்தார், வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். என்னிடமோ, "சத்து மருந்து குடுத்திருக்காரு பாய். ஓட்டலாம்னுட்டாரு" என்றீர்கள். நம்பினேன். பொய் சொல்லத் தெரியாத ஆள் சொல்லும் பொய்யை யார்தான் கண்டுபிடிப்பது?

அந்த மத்தியானம் அரியலூரில் எடுத்தபோதே வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே நிற்க இடமில்லை. பரீட்சை முடிந்து ஸ்கூல் விட்ட பிள்ளைகள், வெங்காய மூட்டையோடு பெண்கள், ஒரு கைக்குழந்தை. ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தேன். மேலமாத்தூர் தாண்டியதும் நீங்கள் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பாய், இது எந்த ஊரு?" என்றீர்கள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் நீங்கள் ஓட்டக்கூடிய ரோடு அது. வண்டி மெல்ல வலது பக்கம் ஏறுகிறது. எதிரே டிப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறது. கத்தினால் நீங்கள் பதறுவீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் இருவருமாகச் சேர்ந்து கவிழ்ப்போம். "இடது பக்கம் வாண்ணே" என்றேன். காதில் ஏறவில்லை. விசிலை வாயில் வைத்து, நெஞ்சிலிருந்த காற்று முழுவதையும் சேர்த்து ஒரே ஊதாக ஊதினேன்.

உங்கள் கால் பிரேக்கில் போனது. புத்திக்கு எட்டாதது காலுக்கு எட்டியது. இடது பக்கம் ஒடித்து மண்ணில் இறக்கி, வழக்கம்போல் அழகாக நிறுத்தினீர்கள். டிப்பர் நம்மை உரசுகிற மாதிரி போனது.

நிறுத்திவிட்டு நீங்கள் காத்திருந்தீர்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு ஈ காக்கை இல்லாத பொட்டல் அது. "ரைட் குடு பாய்" என்றீர்கள். "ஒரு ஆள் வர்றாங்கண்ணே" என்றேன். "எங்க?" "அதோ வர்றாங்க." கண்ணாடியில் பார்த்தபடி, வராத ஆளுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தேன்.

அதற்குள் பின்னால் கூச்சல் எழுந்துவிட்டது. "குடிச்சுட்டு ஓட்டுறான்யா! எறக்குங்கய்யா அவன!" ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். அதில் உங்கள் வாய் கோணி, கண் செருகி, "ரைட் குடு, ரைட் குடு" என்று சொல்வது தெளிவாக விழுந்தது. "தள்ளுய்யா, அவருக்கு ஒடம்பு சரியில்ல" என்று நான் கத்தியதும் விழுந்தது. ஆனால் அதை யார் கேட்டார்கள்? சாயங்காலத்துக்குள் 'போதை டிரைவர்' என்ற பேரோடு அது ஊர் ஊராகச் சுற்றியது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகளின் போனுக்கும் போனது. அனுப்பியவள் அவளோடு ஒரே அறையில் இருந்த பெண்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, எனிமா கொடுத்துக் குடலைக் கழுவி விட்டார்கள். மறுநாள் நீங்கள் தெளிந்து எழுந்து கேட்ட முதல் கேள்வி, "டிரிப்பு கட் ஆயிருச்சா பாய்?" என்பது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டரம்மா உங்கள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தி, விரலை விரிக்கச் சொன்னார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டுகள் பொத்தென்று தொய்வதும் உடனே நிமிர்வதுமாக இருந்தன. அத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் அவை.

அண்ணியிடமும் என்னிடமும் அவர் பொறுமையாகச் சொன்னார். "இவருக்கு பி வகை மஞ்சக்காமாலைக் கிருமி பல வருஷமா உள்ளயே இருந்து கல்லீரலச் சுருக்கிடுச்சு. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரத்தத்துல சேர்ற நச்ச கல்லீரல்தான் முறிக்கணும். அது முறிக்கலைன்னா மூளைக்குப் போயிடும். பேச்சு, தூக்கம், நிதானம் எல்லாம் தடுமாறும். குடிச்ச மாதிரியேதான் தெரியும். மலம் தேங்கினா இன்னும் மோசமாகும். அதுக்குத்தான் அந்தத் தித்திப்பு மருந்து. தினம் ரெண்டு மூணு தடவை வெளிக்குப் போகணும். அந்த மருந்த இவரு குடிக்கலையா?"

அந்த மருந்து பாட்டிலை நான் பிறகு வண்டியின் டூல்ஸ் பெட்டியில் கண்டெடுத்தேன். மூடிகூடத் திறக்கவில்லை. கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்துத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "டூட்டி அன்னிக்கு எப்படிடா குடிக்கிறது? நடு ரோட்ல வயித்தக் கலக்கினா வண்டிய எங்க நிறுத்துவேன்? ஆம்பள பொம்பள அத்தனை பேரும் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க." டாக்டர்கள் படித்த படிப்பில் இந்தக் கேள்வி வந்திருக்காது. கேவலத்துக்குப் பயந்தீர்கள். அதைவிடப் பெரிய கேவலம் வந்து சேர்ந்தது.

பிறகு வீட்டில் இருந்தீர்கள். மருந்து ஒழுங்காகப் போன நாளில் பழைய ஆளாக இருப்பீர்கள். ஒரு நாள் தவறினால் அண்ணியையே யார் என்று கேட்பீர்கள். மகள் லீவுக்கு வந்தாள், வாசற்படியோடு நின்றாள். நீங்கள் எழுந்து தள்ளாடி அவளருகே போனீர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "லிவர் போனா வேற எதுனால போவும்? நீ அவர மூடி மறைக்காதம்மா" என்றாள். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "வேணாம் பாய். குடிக்கலைன்னு சொல்லச் சொல்லத்தான் குடிகாரன்னு நினைக்கும். அதுவா தெரிஞ்சுக்கும்." அது தெரிந்துகொள்ளும் முன் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசி ஒரு வாரம் நினைவே திரும்பவில்லை. உங்கள் மகள் ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வாலிகண்டபுரம் வந்தேன். நான் வேற்று மதத்துக்காரன், அதனால் பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, வடை, புது வேட்டி, வெற்றிலை எல்லாம் வைத்தார்கள். அப்போது அண்ணியின் தம்பி இடுப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து இலையின் வலது பக்கம் வைத்தான். பக்கத்தில் ஒரு டம்ளர். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. "உசுரோட இருக்கும்போதுதான் மாமா ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சாரு. இப்பவாச்சும் நிம்மதியா குடிக்கட்டும்" என்றான்.

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். மகள் தூணோரம் நின்று அந்தப் பாட்டிலையே பார்த்தாள். 'பார்த்தீர்களா' என்கிற பார்வை. இன்னொருவர் வீட்டுப் படையலில் தலையிட நான் யார்? உட்கார்ந்துதான் பார்த்தேன், முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"மாப்ள, அதத் தெற" என்றேன்.

"பாய், நீ வேற. சும்மா இரு."

"தெறன்னு சொல்றேன்ல!"

திறந்தான். வாங்கி என் மூக்கருகே வைத்தேன். பிறந்தது முதல் அன்றுதான் அதை அவ்வளவு கிட்டத்தில் முகர்கிறேன். சுரீரென்று ஏறியது, இருமல் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றார்களே, இப்போது தெரிந்தது. ஆனால் நான் சொன்னால் அது மறுபடியும் என் சாட்சிதான். பாட்டிலை உங்கள் மகளிடம் நீட்டினேன்.

"பாப்பா, நீயே பாரு. வாசப்படியில அப்பா உங்கிட்ட வந்தாருல்ல, அன்னிக்கு வந்த வாசனை இதுவா?"

அவள் வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்ததை நான் பார்த்தேன்.

"இது இல்ல" என்றாள். மாமனைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, அம்மாவைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இது இல்லம்மா. இது இல்ல." அவளே கொல்லைக்குப் போய் அதைக் கொட்டிவிட்டு வந்தாள். கை கழுவிய ஈரத்தோடு இலைக்கு முன்னால் நின்று, காலியாகிவிட்ட அந்த இடத்தைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "அப்பாவுக்கு என்ன மாமா புடிக்கும்?"

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கேட்டு வாங்கும் பன்னீர் சோடாவைச் சொன்னேன். பெட்டிக்கடையிலிருந்து வாங்கிவந்து வைத்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதும் நம்பவில்லை. 'பாய் நல்லா சமாளிச்சாரு' என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்றிலிருந்து வாராவாரம் அவள் எனக்குப் போன் செய்கிறாள் அண்ணே. பெற்ற அப்பனைப் பற்றிக் கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். மழையில் எப்படி ஓட்டுவீர்கள், யாரோடு சண்டை, எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்துவீர்கள் என்று. நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உங்களோடு வாழ்ந்த வருஷங்களை அவளுக்குப் பத்திரமாகக் கொடுத்து முடிக்கும்வரை எனக்கு ஓய்வில்லை. போன வாரம், "வண்டியில என்னைப் பத்தி எப்பவாச்சும் பேசுவாரா மாமா?" என்று கேட்டாள்.

ஊமைக் கோட்டான் என்று நான் கேலி செய்த மனுஷன் வாய் திறந்து பேசியதெல்லாம் யாரைப் பற்றி என்று எனக்கல்லவா தெரியும்?

"பேசாத டிரிப்பு இல்ல பாப்பா" என்றேன்.