மாத்தயாவுக்கு ஒரு பொதி மோதகம்

வெள்ளவத்தை, ஆடி வெள்ளி, இரவு.

காலமை என்ர சொந்த முகத்தோடதான் பொலிசுக்குப் போனனான். கிருலப்பனை ராணியக்காவின்ர மகனை நேற்று ரோட்டில பிடிச்சு வச்சிருந்தாங்கள். சட்டத்தரணி எண்டு சொல்லி, சட்டத்தையும் சிங்களத்திலதான் எடுத்துச் சொன்னன். அடையாள அட்டையில தமிழ்ப் பேரைப் பார்த்திட்டு வெளியில நிக்கச் சொன்னாங்கள். மத்தியானம் வரைக்கும் வெயிலில நிண்டன்.

பிறகு ஒரு கடைக்குப் பின்னால போய் முகத்தை மாத்தினன். இந்த நாட்டில பறக்கிற வீரனுக்கு மாலை போடுறாங்கள், படக்கதை அடிச்சு விக்கிறாங்கள். எனக்கு வாய்ச்ச சக்தி முகம் மாத்திற இது ஒண்டுதான். சிங்கள முகத்தோட திரும்பிப் போய் அதே சட்டத்தை அதே சிங்களத்தில சொன்னன். "வாடிவென்ன சேர்" எண்டு கதிரை இழுத்துப் போட்டாங்கள். தேத்தண்ணி வந்தது. அட்டையை ஒருத்தரும் கேக்கேல்லை. பெடியனை விட்டிட்டாங்கள். வாசலில நிண்ட ராணியக்காவிட்டை, உங்கட லோயரின்ர சிநேகிதன் எண்டு மட்டும் சொல்லிட்டு வந்திட்டன்.

பின்னேரம் நான் என்ர முகத்தோட வீட்டில இருக்கேக்க அவ வந்தா. "நீங்கள் அவ்வளவு நேரம் நிண்டு என்னத்தைக் கண்டியள் தம்பி? அந்தச் சிங்கள ஐயா, அந்த மாத்தயா, வந்த கையோட பெடியனை எடுத்துத் தந்திட்டார். இனி ஏதும் எண்டால் அவரிட்டையே போறம்."

நான்தான் அது எண்டு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிட்டன். அரசாங்கத்திட்டைப் பதியாத சக்தி வச்சிருக்கிற தமிழனை என்ன செய்வாங்கள் எண்டு எனக்குத் தெரியும்.

பிள்ளையாருக்கு நேர்ந்து அவிச்ச மோதகப் பொதியை மேசையில வச்சா. "மறக்காமல் அவரிட்டைக் குடுத்துவிடுங்கோ."

நீங்களும் ஒண்டு எடுங்கோ எண்டு சொல்லேல்லை.

பொதி ஆறிப்போய் மேசையிலதான் கிடக்கு. பசிக்குது. இந்த முகத்தோட அதைத் தொட மனம் வருகுதில்லை.