பூனைக்குச் செய்த பெஞ்சு

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்று ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் தச்சு வேலை. அவர்களிடம் ஒரு கிழட்டுப் பூனை. அது வெளிக்குப் போக ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண்ணைக் கொட்டி ஹாலிலேயே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதை மறைக்க வேண்டுமாம். "இதுக்குக் கால் முடியலப்பா. வயசான காலத்துல வெளிய போன்னு எப்படிச் சொல்றது?" என்று தமிழிலேயே கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது அம்மா.

நான்கு நாள் வேலை. உட்காரும் பெஞ்சு மாதிரி ஒரு பெட்டி. பக்கவாட்டில் பூனை நுழைய வட்டமாக ஒரு வழி. அதன் உடம்பில் கீறாமல் இருக்க விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பின்னால் காற்றுப் போகத் துளைகள், தட்டை இழுத்துச் சுத்தம் செய்ய ஒரு கதவு. பூனையால் காலைத் தூக்க முடியாது என்று அந்த வழியைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுத்தேன். மேலே மெத்தை போட்டு அந்த அம்மா உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். நாற்றமே இல்லை.

உனக்கு என்ன செய்தேன்? மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் நின்று முட்டி தேய்ந்தவள் நீ. சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் வீடு கட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாய்.

"உள்ளயே ஒரு கக்கூஸ் வச்சுடேன்டா. தோட்டம் வரைக்கும் நடக்க முடியல."

"சாமி ரூமுக்குப் பக்கத்துல கக்கூஸா? ஊரு சிரிக்கும்மா" என்றேன். நீ அப்புறம் கேட்கவே இல்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் தோட்டத்துச் சேற்றில் வழுக்கி விழுந்தாய். இடுப்பு எலும்பு உடைந்து ஒரு மாதம் படுக்கை. அந்த ஒரு மாதமும் எல்லாம் வீட்டுக்குள்ளேதான், அந்தச் சாமி ரூமை ஒட்டித்தான். அப்போது எந்தச் சாமி கோபித்துக்கொண்டது? எந்த ஊர் வந்து சிரித்தது?

இப்போது அப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போகிறார். உள்ளே ஒன்று கட்டிவிடலாம் என்று இன்று வந்ததும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ கேட்டப்போ இல்லாதது எனக்கு எதுக்குடா?" என்றார்.



அவர் வேண்டாம் என்றாலும் கட்டுவேன். சாமி ரூம் சுவரை இடித்தே கட்டுவேன். அதை முடிக்காமல் உன் முதல் திதிக்கு இலை போட்டுப் படைக்க மாட்டேன் அம்மா. ஒரு பூனை கேட்காமலே பெற்றதை நீ வாய்விட்டுக் கேட்டும் தராத கைகள் இவை.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்த மூத்தவன்