கோரையடித் தாம்போதி

1996 ஐப்பசி 12

அன்புள்ள மகள் புஸ்பத்துக்கு,

கண்ணகை அம்மன் காவலில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், இந்த நாட்டில் அதற்கு மேல் கேட்பது பேராசை. நீ அனுப்பிய காசு போன கிழமை கிடைத்தது. வங்கிக்காரன் தன் பங்கை எடுத்து, மிச்சத்தில் மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கியதோடு பாதி பறந்துவிட்டது. பாண் விலையைக் குறைப்போம் என்று வோட்டுக் கேட்டு வந்தவர்கள் இப்போது சவர்க்காரத்துக்கும் பாதுகாப்பு வரி வாங்குகிறார்கள். யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கடையில் கேட்டேன், கடைக்காரர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, ஓவசியர் ஐயா மிச்சக் காசை எண்ணிப் பாருங்க என்று பேச்சை மாற்றினார். அம்மாவின் கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணால் என்னை ஒரு நிழலாகத்தான் பார்க்கிறாளாம், அதுவும் நல்லதுக்குத்தான் என்று சொல்லிச் சிரிக்கிறாள். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் புரையை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குத்தான் நீ தடைபட்டுக் கிடக்கிற என் பணிக்கொடையைப் பற்றி அவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறாய் என்று எனக்கு விளங்குகிறது.

என்ஜினியர் வந்துபோன கதையை நான் போன கடிதத்தில் அரைகுறையாக எழுதியது என் பிழை. பெடியன் நல்ல பிள்ளை, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் கொண்டுவந்த கடதாசியில், கோரையடித் தாம்போதி தொண்ணூறாம் ஆண்டுவரை நல்ல நிலையில் இருந்தது, பிறகு கண்ணிவெடியால் சேதமானது என்று, அதைக் கட்டிய ஓவசியர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புனரமைப்புக்குக் காசு வரும், ஐந்து வருடமாகத் தடுத்து வைத்திருக்கிற என் பணிக்கொடையும் பதினைந்து நாளில் வரும். இந்த முறையாவது கட்டுவீங்களா தம்பி என்று கேட்டேன். நிலைமை சரிவந்தால் கட்டலாம் ஐயா, ஆனால் காசை டிசம்பர் முடியமுன் செலவழித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும் என்றார். முதல் வேலையாக அறிவிப்புப் பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிப்பார்களாம். போடுங்கள் அப்பா, நாடே போடுகிறது, நீங்கள் மட்டும் என்ன சாமியாரோ என்று நீ எழுதியிருக்கிறாய். நான் சாமியார் இல்லை மகள். இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாதே, நீ தனியே இருந்து வாசி.

கோரையடியில் தாம்போதி இல்லை. வெடித்துப் போகவில்லை, வெள்ளம் அள்ளிக்கொண்டும் போகவில்லை, அங்கே ஒருநாளும் அது இருந்ததேயில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு நிவாரணமென்று காசு கொட்டியது உனக்கு ஞாபகமிருக்கும். வாவி உள்ளே நுழைந்து ஊரையும் பெரிய ரோட்டையும் பிரிக்கிற அந்த இடத்தில், மாரியில் வெள்ளம் மேலால் ஓட, கோடையில் வண்டி போகக்கூடியதாகத் தாழக் கல்லடுக்கித் தாம்போதி கட்டத் திட்டம். கொந்தராத்துக்காரர் இரண்டு லொறி கல் கொண்டுவந்து கரையில் கொட்டினார், பிறகு அந்தக் கல்லும் வேறெங்கோ போய்விட்டது. காசு கொழும்பிலேயே பாதி கரைந்து, இங்கே வந்த பாதியும் பல கைக்குப் பிரிந்தது. ஊரார் எல்லோரையும் செக்றோல் பதிவேட்டில் கூலிக்காரராகப் பதிந்து வீட்டுக்கு வீடு பத்துநாள் சம்பளம் கொடுத்தோம். திறப்பு விழாவை மார்கழி வெள்ளத்தில் வைத்ததும் என் மூளைதான். மாரியில் எந்தத் தாம்போதிதான் கண்ணுக்குத் தெரிகிறது? வெள்ளைக் கட்டைகளை இரண்டு வரிசையாகத் தோணியில் போய்ச் சேற்றில் நட்டேன், கரையிலிருந்து அக்கரைவரை வழி போவதுபோல. வந்த பெரியவர் தண்ணீர் ஓரத்தில் நின்று ரிபன் வெட்டினார், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டார், இரண்டடி ஐயா என்றேன். எல்லோரும் வெறும் தண்ணீரைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை புள்ள, அதுதான் அன்றைக்கே எனக்கு முதுகு சில்லிட்ட விசயம்.

அதோடு முடிந்ததென்றுதான் நினைத்தேன். முடியவில்லை. கட்டிய தாம்போதியால் தினமும் எத்தனை பேர் போகிறார்கள் என்று மாதக் கடைசியில் கந்தோருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். மாட்டுவண்டி பதினாலு, சைக்கிள் அறுபத்திரண்டு, கால்நடையாக நூற்றிப்பத்து என்று மேசையில் இருந்து எழுதுவேன். வருடக்கணக்காக எழுதி எழுதி அவர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். இந்த மாதம் ஏன் ஒரு வண்டி குறைந்தது, மாட்டுக்கு நோயோ என்று யோசித்திருக்கிறேன், நான் சொல்வது விளையாட்டில்லை. சிலவேளை பின்னேரத்தில் அந்தக் கரையால் வரும்போது, தண்ணீருக்கு மேல் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறமாதிரி இருக்கும், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். எண்பத்தைந்தில் தாம்போதிக்குத் திருத்தவேலை என்று இன்னொருமுறை காசு வந்தது. இல்லாத கல்லைத் திருத்தினோம். அந்த முறை என் பங்கு கொஞ்சம் பெரிது. அடுத்த வருடம் உன்னைக் கனடாவுக்கு ஏற்றிவிட ஏஜென்சிக்காரனுக்குக் கட்டியது அந்தக் காசுதான். அம்மாவின் காணியை ஈடு வைத்தேன் என்று உனக்குச் சொன்னது பொய், காணி பத்திரமாக இருக்கிறது.

இனி எழுதப்போவதை எழுதத்தான் கை பின்னுக்கு நிற்கிறது. தொண்ணூறாம் ஆண்டு மார்கழி, வெல்லாவெளிக்கு அங்காலே ஷெல் விழுந்து சனங்கள் வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரைக்கு ஓடிவந்த நாட்கள். ஒருநாள் காலை ஏழு மணியிருக்கும், மழை விடாமல் பெய்கிறது, இராசதுரை என்றொரு மனிதர் உழவு மெசினில் பெட்டி பூட்டி, பெட்டிக்குள் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்திருக்கிறார். முன்பின் இந்தப் பக்கம் வராதவர். கோரையடித் தாம்போதி என்று எழுதிய கவுண்மேந்துப் பலகை இருக்கிறது, வெள்ளைக் கட்டை இரண்டு வரிசையாக நிற்கிறது, நடுவில் தண்ணீர். நம் பகுதியில் பிறந்த எவன்தான் நிற்பான்? கட்டைக்கு நடுவால் பிடித்தால் சில்லு கல்லில்தான் போகும் என்று தாய்வயிற்றிலேயே படித்தவர்கள் நாங்கள். முதல் முப்பது யார் தூரம் இறுகிய மணல், மெசின் போயிருக்கிறது. அதற்குப் பிறகு கோடையிலும் வற்றாத பழைய ஓடை. இராசதுரையைத் தோணிக்கார வல்லிபுரம் போய் இழுத்தெடுத்தான், மற்ற மூன்று பேரும் பெட்டியோடு போய்விட்டார்கள். நான் அந்த மாதக் கணக்கையும் அனுப்பினேன். மற்றதெல்லாம் வழக்கம்போல எழுதி, உழவு மெசின் ஒன்று என்றும் எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படிவத்தில் நான் எழுதிய உண்மை அது ஒன்றுதான்.

இராசதுரை ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தக் கரையிலேயே கிடுகால் ஒரு குடில் போட்டுக்கொண்டு, வல்லிபுரத்துக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துச் சீவிக்கிறார். விடிந்ததும் கையில் ஒரு கோலோடு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். கழுத்தளவுவரை போய்க் காலால் துழாவித் துழாவித் தாம்போதியைத் தேடுகிறார். எந்த இடத்தில் தன் சில்லு கல்லைவிட்டு விலகியது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம், தன் கைப்பிழையால்தான் மூன்று பேரும் போனார்கள் என்று இந்த ஆறு வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பனி மூடிய காலையில் இரண்டு வரிசை வெள்ளைக் கட்டையும் நடுவில் ஒரு தலை மட்டும் மெல்ல நகர்வதும் தெரியும். அம்மா அந்தப் பக்க ஜன்னலைப் பூட்டி வைத்திருக்கிறாள். நான் இரண்டு முறை போய்க் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு முறையும் மூன்றாம் நாள் அவை சுண்ணாம்பு பூசி அதே இடத்தில் நின்றன. யார் வேலை என்று விசாரித்தால், இராசதுரைதான், இன்னொருத்தர் வழி தவறிவிடக் கூடாதென்று நட்டு வைக்கிறாராம். கரையால் வருகிற வண்டிக்காரர் யாரையும் அவர் தண்ணீரில் இறங்கவும் விடுவதில்லை, நான் முதலில் கல்லைக் கண்டுபிடிக்கிறன், பொறுங்க என்பாராம். மற்றவர்களும் மாறிப்போனார்கள் மகள். அந்தச் செக்றோலில் பெருவிரல் வைத்துக் காசு வாங்கிய வல்லிபுரமே இப்போது தோணியை அந்த வரிசையைச் சுற்றித்தான் விடுகிறான். ஏன்டா என்று கேட்டால், கல்லில அடிபட்டா தோணி உடைஞ்சிரும் ஓவசியர் என்கிறான். அவனுக்குத் தெரியும், அங்கே கல் இல்லை என்று. தெரிந்துகொண்டுதான் சொல்கிறான். போன மாதம் நானே அவன் தோணியை வாங்கிப் போய் நடு ஓடையில் கோலை விட்டுப் பார்த்தேன். உண்மையாகவே டங்கென்று எதிலோ பட்டது. பிறகுதான் விளங்கியது, அது அந்த மெசின் பெட்டி.

நேற்று விடிய நான் இராசதுரையிடம் போனேன். கந்தோர்க் கடதாசி ஒன்றரை மாதமாக மேசையில் கிடக்கிறது, மாரியும் தொடங்கப்போகிறது, போன மாரியிலேயே அவரை இரண்டு தரம் இழுத்தெடுத்தார்கள், இந்த முறை போனால் வரமாட்டார். என்னைக் கண்டதும் தண்ணீருக்குள் இருந்தே கும்பிட்டார். நீங்கதான் கட்டினதாம் எண்டு சொல்றாங்க, ஓவசியர் ஐயா, கல்லு எந்த இடத்தில துவங்குதெண்டு மட்டும் காட்டித் தாங்க, மறுகா நான் பாத்துக்கொள்ளுவன் என்றார். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, உடுப்போடுதான், அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். கல் இல்லை இராசதுரை, ஒருநாளும் இருக்கவில்லை, நாங்கள் கட்டவில்லை, உங்கள் கையில் பிழையில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார் புள்ள. இல்ல ஐயா, வயசு போனதில நீங்க மறந்திட்டீங்க, இருக்கு, அரைவாசித் தூரம் நான் அதிலதான் வந்தனான், பலகையிலயும் போட்டிருக்குத்தானே என்றார். நான் சத்தியம் பண்ணினேன், கண்ணகை அம்மன் மேல் பண்ணினேன். அவர் கோலை ஒருமுறை சேற்றில் குத்திப் பார்த்தார். பிறகு, அப்ப அந்தக் காசெல்லாம் எங்க போன ஐயா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. பெரியவர்களுக்குப் பெரிய பங்கு போனது, என் பங்கில் என் மகள் கனடாவுக்குப் போனாள் என்றேன். அவர் கையில் கோல் இருந்தது, அடித்தால் வாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் கேட்டது, புள்ள அங்க சுகமா இருக்காவா என்று. ஓம் என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டு, கிறுகித் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விட்டார். நான் கரையில் இருந்து வாய்விட்டு அழுதேன், அறுபத்தைந்து வயதுக் கிழவன், அழுதுகொண்டே இருந்தேன்.

என் வாய்ச்சொல்லை அவர் நம்பவில்லை, கவுண்மேந்துப் பலகையைத்தான் நம்புகிறார். அதனால் கவுண்மேந்தையே சொல்லவைக்க வேண்டும். கையெழுத்து வாங்க வந்த கடதாசியின் பின்பக்கத்திலேயே, கோரையடியில் எந்தக் காலத்திலும் தாம்போதி கட்டப்படவில்லை, பொய்க் கணக்கு எழுதியவன் நான், பலகையையும் கட்டைகளையும் உடனே அகற்றுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சீல் குத்திய பதில் ஒன்று வந்தால் அவர் கண்முன் பிடித்துக் காட்டுவேன், அதற்காகவாவது தண்ணீரைவிட்டு ஏறமாட்டாரா? பணிக்கொடை இனி வராது, பென்சனையும் நிறுத்துவார்கள், என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் போடுவார்கள். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கண் வெட்டாட்டியும் பரவாயில்ல, பாத்ததெல்லாம் காணும் என்றாள். கோபமில்லை என்கிறாள், ஆனால் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ காணியை விற்கச் சொல்லி எழுதினால் விற்று அவள் கண்ணை வெட்டுவோம், உன் காசில் வேண்டாம்.

நீயும் பிள்ளைகளும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், மருமகனுக்குப் பிரஷர் குளிசையை விடாமல் எடுக்கச் சொல். அம்மன் அருளால் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும். ஒரு வேலையை மட்டும் மறந்துவிடாதே. இராசதுரைக்கு நீ ஒரு கடிதம் போடு, மாரி இறுகுவதற்கு முன் போடு. என்ன எழுதுவதென்று எனக்குச் சொல்லித்தரத் தெரியாது, நீ படித்தவள். முகவரிக்கு யோசிக்காதே. க. இராசதுரை, கோரையடித் தாம்போதி என்று போட்டால் போதும், தபால்காரர் நேரே அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்.

உன் அப்பா,
வே. கனகசிங்கம்